எல்லாருக்கும் முனீசு நம்பர்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது, எதை விட்டுவிட்டால் யாருக்கு நல்லது என்று ஒன்றும் பிடிபடவில்லை. ஆறாம் வகுப்புப் பாதியில் என்னைக் கரி அள்ள அனுப்பிவிட்டார்கள், அதற்குமேல் படித்ததெல்லாம் பலகாரம் சுற்றி வந்த பேப்பரில்தான். ஒன்றைக் கூட்டிச் சொன்னால் முனீசுக்குப் பாவம் செய்தவளாவேன், ஒன்றைக் குறைத்துச் சொன்னால் அது நடக்கவே இல்லை என்று சாதிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் மூட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மூட்டத்தைப் பற்றி என்னால் தப்பாகச் சொல்ல முடியாது.

கண்மாய்க்கு மேற்கே, ஊருக்கு வெளியே, அதையும் ஊர் என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்கிற இடத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. சீமைக்கருவேலம் வெட்டி, விறகை நெட்டுக்குத்தலாக அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, மண் பூசி, உள்ளே நெருப்பை விட்டுவிட்டுக் காத்திருப்போம்; அதுதான் மூட்டம். புகை வெள்ளையாக வருகிற வரைக்கும் விறகு வேகிறது என்று அர்த்தம், நீலமாகத் திரும்பினால் கரியாகிவிட்டது என்று அர்த்தம். வெட்டுவதும் அடுக்குவதும் ஆண்கள். சூடு ஆறாத மூட்டத்தைப் பிரித்துக் கரியைக் கையால் பொறுக்கிச் சாக்கில் நிரப்புவது பெண்கள். முள்ளும் சூடும் தூசியும் சேர்ந்து எங்கள் பெருவிரலை வழுக்கையாக்கிவிட்டன. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் அது எங்களைத் தெரியாது என்றுவிடும். தெரியாது என்றால் போனுக்கு ஓர் எண் வரும், அந்த எண்ணைச் சொன்னால் தெரியும் என்றுவிடும். எங்களைத் தெரியவைக்கிற அந்த எண் வந்து சேர எங்களிடம் போன் இல்லை.

ஆண்களிடம் இருந்தது. சட்டைப்பையில் இருந்தது, இடுப்பில் இருந்தது, தூங்கும்போது தலைமாட்டில் இருந்தது. பெண்களில் முனீசு, அதாவது முனீஸ்வரி, ஒருத்தியிடம்தான் இருந்தது. முனீஸ்வரி என் கொழுந்தன் சாத்தையாவின் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி, என்னை அக்கா என்பாள். மகளிர் குழுவுக்கு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த போன் அது; பத்தாவது வரை படித்தவள் என்று அவள் கையில் கொடுத்தார்கள். சிம்மை மட்டும் சாத்தையா தன் பேரில் வாங்கினான்.

ஒருநாள் கார்டுகளில் நம்பர் சேர்க்க முகாம் போட்டார்கள். மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் மொபைல் நம்பர் சொல்லுங்கம்மா என்றார். காலையில் கிளம்பும்போதே ஆண்கள் எல்லோரும், என் நம்பரைக் கொடுத்துத் தொலைச்சிறாத, கண்ட கண்ட மெசேஜா வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரிசையில் முதலில் நின்றது சிட்டுச் சின்னம்மா. எங்களில் மூத்தவள், வாய்க்காரி.

"எங்க வீட்டுல ஒரு போனு இருக்குய்யா. அது அவுக இடுப்புல இருக்கு. இடுப்பைக் கழட்டிக் கொண்டாரவா?"

"விளையாடாதீங்கம்மா. ஏதாவது ஒரு நம்பர் வேணும்."

"ஏதாவது ஒண்ணுதான? அப்பச் சரி. முனீசு நம்பரைப் போடுங்க. எல்லாருக்கும் அதையே போட்டுருங்க, வேலை முடிஞ்சுரும்ல."

எல்லாருக்கும் அதையே போட்டார்கள். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புத்தகம், நூறுநாள் வேலை, பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே, எல்லாவற்றிலும் முனீசு நம்பர். நம்பர் என்பது ஊருணி மாதிரி, எத்தனை பேர் மொண்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

தை மாதத்தில் முனீசு போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்ததைச் சாத்தையா பார்த்தான். என்னத்துக்குச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஏதோ ஆட்டுக்குட்டி படம் என்றாள். அவன் போனைப் பிடுங்கிக் கொண்டுபோய், எரிந்துகொண்டிருந்த மூட்டத்தின் புகைத்துளைக்குள் தள்ளி மண்ணை அள்ளி அடைத்தான். மூட்டத்தைப் பிரித்தபோது கரி இருந்தது. போன் உருகின அடையாளம்கூட இல்லை.

மறுவாரம் சாக்கில் கரி அள்ளிக்கொண்டிருந்த முனீசு நிமிர்ந்தாள், வாயைத் திறந்தாள், அவள் குரலாக இல்லாத ஒரு குரலில், மரியாதையாக, மூச்சு விடாமல் சொன்னாள்: "அன்பார்ந்த வாடிக்கையாளரே, உங்கள் ஓடிபி ஏழு, பூஜ்யம், நான்கு, நான்கு, ஒன்பது, இரண்டு. இதை யாரிடமும் பகிர வேண்டாம்." யாரிடமும் சொல்லாதே என்று காடு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு, மறுபடி குனிந்து கரி அள்ளினாள்.

சிட்டுச் சின்னம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்: "இது யாருக்குத்தா வந்திருக்கு?"

எப்படி வந்தது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. யாருக்கு என்பதுதான் கேள்வியாக இருந்தது, ஏனென்றால் மெசேஜில் பெயர் இருப்பதில்லை. யோசித்துப் பார்த்து, இந்த நேரத்தில் ரேஷன் கடையில் நிற்பது யார் என்று விசாரித்து, பக்கத்து வீட்டுப் பெண் அங்கே நிற்கிறாள் என்று தெரிந்து, ஆள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் நேரம் முடிந்து எண் செத்துப்போனது. அடுத்த முறையிலிருந்து முனீசையே கடைக்குக் கூட்டிப்போனோம்.

கடைக்காரத் தம்பி முதல்நாள் எடைத்தட்டுக்குப் பின்னால் பதுங்கினார். இரண்டாவது மாதம் அவளுக்கு ஸ்டூல் போட்டார். அதற்கப்புறம் எங்கள் குடியிருப்புப் பெண்கள் போனாலே, "வாய் வந்திருக்காம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அரிசி மூட்டையை அவிழ்ப்பார். டவர் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று எங்களுக்குப் பழகிவிட்டது. பள்ளத்தில் நின்றால் பாதி எண்ணோடு நின்றுபோய்த் தாடை மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். கையைப் பிடித்துக் கண்மாய்க்கரை மேல் ஏற்றினால் மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். நகைக்கடன் வேண்டுமா என்று கேட்பாள், மழை வரும் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்பாள், தடுப்பூசி நாள் சொல்வாள். உங்கள் வேலிடிட்டி நாளையோடு முடிகிறது என்று ஒருநாள் அவள் சொன்னபோது பெண்கள் எல்லோரும் அழுதுவிட்டார்கள். சிட்டுச் சின்னம்மா ஒரு வெடைக்கோழியை அடித்து மிளகு ரசம் வைத்து ஊட்டினாள். மறுநாளும் மெசேஜ் வந்தது. அதிலிருந்து மாதத்துக்கு ஒரு வீடு முறைவைத்துக் கோழி அடித்தோம். அதற்கு ரீசார்ஜ் என்று பெயர்.

முனீசு மெலிந்துகொண்டே போனாள். பேச்சுக்கு நடுவில் பேச்சு அறுந்துவிடும். பிள்ளையைக் கொஞ்சும்போது, சோறு மெல்லும்போது, சாமி கும்பிடும்போது வந்துவிடும். ஒருநாள் என்னிடம், "எல்லாருக்கும் வருதுக்கா. எனக்குன்னு ஒண்ணு வந்துச்சா பாத்தியா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் வாய், பிரியமான நுகர்வோரே என்று ஆரம்பித்துவிட்டது.

இங்கே என் மகள் யோகலட்சுமியைச் சொல்ல வேண்டும், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. பன்னிரண்டாவதில் அவள் பள்ளிக்கூடத்திலேயே நல்ல மார்க் எடுத்தாள். நர்ஸ் படிப்புக்கு டவுனில் இருக்கிற கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்தால் மெசேஜ் வரும், கூடவே ஓர் எண் வரும், அதை அன்றைக்கே அங்கே தட்டினால்தான் சீட்டு உறுதி, இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார் கடைக்காரர். விண்ணப்பத்தில் பள்ளிக்கூடப் பதிவிலிருந்து ஏறியிருந்ததும் முனீசு நம்பர்தான். மாற்றலாமே என்றால், மாற்றுவதற்கும் பழைய நம்பருக்கு ஓர் எண் வருமாம், மாற்றிப் போட இன்னொரு நம்பர் தரவும் ஆள் இல்லை.

எங்கள் குடியிருப்பில் பெண் பிள்ளை படித்து வேலைக்குப் போனதில்லை. யோகா கை என் கை மாதிரி இல்லை, ரேகை இருக்கிற கை. அந்தக் கையைக் கரியில் வைக்க விடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் வேறு வேண்டுதல் கிடையாது. அவள் தினமும் முனீசு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

"சித்தி, எனக்கு வந்தா கொஞ்சம் நிறுத்திச் சொல்லு சித்தி."

"எங்கடி, என் வாயா அது? நான் நிறுத்துனா நிக்குமா?"

"நின்னாலும் நிக்கும். நீ பாசமா நினைச்சுக்கிட்டே இரு."

வைகாசியில் ஒரு மத்தியானம் மூட்டத்து நிழலில் எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். முனீசு வாயைத் திறந்து, "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டுள்ளது. எடுத்தது நீங்கள் இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும்" என்றாள். எங்கள் யாருக்கும் கணக்கில் பணம் ஏறியதே தெரியாது; கூலி இன்னும் வரவில்லை என்றுதான் ஆண்கள் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். அன்றைக்கு நூறுநாள் வேலைக் கூலி ஏறின நாள் போலிருக்கிறது, ஆண்கள் எங்கள் கார்டுகளோடு டவுனில் ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறார்கள் போலிருக்கிறது. எடுத்தது நீங்கள் இல்லையென்றால், எடுத்தது நீங்கள் இல்லையென்றால் என்று அவள் சொல்லச் சொல்ல, பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"எடுத்தது நான் இல்லத்தா" என்றாள் சிட்டுச் சின்னம்மா, மெசேஜுக்குப் பதில் சொல்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் எந்த வீட்டிலும் அடுப்பு பற்றவில்லை. பெண்கள் கேள்வி கேட்டார்கள். கேட்ட வீடுகளில் சத்தம் வந்தது, பாத்திரம் விழுந்தது, சிட்டுச் சின்னம்மாவின் உதடு கிழிந்தது. நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் உடையப்பன், "நீ என்னமும் கேக்கணுமா?" என்று அவராகவே கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் காளி கோயில் முன்னால் ஆண்கள் கூட்டம் போட்டார்கள். அதுவரை அவர்களும் முனீசுக்குக் கோழி பிடித்துக் கொடுத்தவர்கள்தான், கிரிக்கெட்டில் யார் ஜெயித்தது என்று மெசேஜ் வருமா என்று அவளைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான்.

"பொம்பளை வாயில பேங்க்கு பேசுனா, அப்பறம் நம்ம என்னாத்துக்கு வீட்டுல இருக்கோம்?" என்றார் ஒருவர்.

"சிம்மு உன் பேருலதானடா இருக்கு? தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்து வேற வாங்கு. உனக்கு வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சாத்தையா புது சிம் வாங்கினான். அதே நம்பர்தான். போனில் டவர் நெட்டுக்குத்தலாக நின்றது, மெசேஜ் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். உள்ளே அடுப்படியில் அவள் வாய் பேசிக்கொண்டிருக்கும். கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். உடுக்கை அடித்துப் பார்த்துவிட்டு அவர், "இது பேய் இல்லப்பா, பேயா இருந்தா பேரு சொல்லும்" என்று வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் டவர் எட்டாத இடம் என்ற யோசனை அவர்களுக்கு வந்தது. மேற்கே ரொம்ப தூரத்தில், மலைக்குப் பின்னால், ஒரு முதலாளிக்குக் கருவேலங்காடு அழிக்க ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போன் என்றால் கல் மாதிரி, நேரம் பார்க்கத்தான் உதவும் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். சாத்தையா பேர் கொடுத்தான்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். என் வாழ்க்கையில் ஓர் ஆணிடம் நான் எதிர்த்துப் பேசியது அவ்வளவுதான்.

"தம்பி, யோகாவுக்கு நம்பர் வரணும். அது வந்தன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மதினி, என் பொண்டாட்டி வாய் என்ன ஊருணியா, எல்லாரும் வந்து மொண்டுட்டுப் போறதுக்கு?"

முனீசு ஆனி மாதம் வேனில் ஏறினாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, யோகாவைப் பார்த்து, "வந்தா நான் நெஞ்சுலயே வச்சிருக்கேன்டி" என்றாள்.

வைத்திருந்தாள். பிறகு கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். டவர் இல்லாத காட்டில் அவளுக்கு ஒரு மெசேஜும் வரவில்லை, சாத்தையா நிம்மதியாகத் தூங்கினான். ஆனால் அவள் கனத்துக்கொண்டே போனாள். முதலில் தொண்டை கட்டினது, பிறகு கழுத்து வீங்கினது, பிறகு மார்பும் வயிறும் கல்லாக இறுகி நடக்க முடியாமல் போனது. தண்ணீர் இறங்கவில்லை. தூக்கிப்பார்த்த ஆட்கள் கரி மூட்டையைவிடக் கனம் என்றார்கள். செத்துவிடுவாள் என்ற பயத்தில் கரி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

உச்சி வெயிலில் லாரி மலையைத் தாண்டித் தார்ரோட்டுக்கு வந்தபோது டவர் கிடைத்தது. அவள் வாய் திறந்தது. எங்கள் கண்மாய்க்கரைக்கு வந்து நின்ற பிறகும் மூடவில்லை. அத்தனை பெண்களின் அத்தனை நாள் மெசேஜும், ரேஷனும் ஊசியும் கூலியும், எடுத்தது நீங்கள் இல்லையென்றால் என்பதும், வரிசை மாறாமல், மூச்சுக்கு இடம் விடாமல் வந்துகொண்டே இருந்தன. நாங்கள் லாரியைச் சுற்றி நின்றோம். எல்லாம் செத்த எண்கள், ஒன்றும் எதற்கும் உதவாது, இருந்தாலும் ஒருத்தியும் நகரவில்லை. தன்னுடையது எது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் வந்தது: "அன்புள்ள யோகலட்சுமி, உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது." பெயரோடு வந்த மெசேஜ் அது ஒன்றுதான். எண்ணையும் சொன்னாள், நிறுத்தித்தான் சொன்னாள், பாசமாக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். யோகா லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நாள் கடந்துபோயிருந்தது.

பொழுது இறங்கும்போது முனீசின் வாய் மூடியது. அதற்குப் பிறகு அதில் ஒன்றும் வரவில்லை. மெசேஜும் வரவில்லை, அவள் பேச்சும் வரவில்லை. பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். ஆண்கள் சாத்தையாவின் தோளைத் தட்டினார்கள், சரியாப் போச்சுல்ல என்றார்கள். ரேஷன் கடைக்காரத் தம்பி ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டுவிட்டார். பெண்கள் வெறும் பையோடு போய் வெறும் பையோடு திரும்பினார்கள்.

கொஞ்ச நாளில் நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன். நாக்கு தானாக மேலே ஏறியது. அன்பார்ந்த என்று ஆரம்பித்ததும் முந்தானையை அள்ளி வாயில் திணித்துக்கொண்டேன். மிளகாய்க் கை, கண்ணெல்லாம் எரிந்தது. துணிக்குள்ளே அது முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடங்கியது. திரும்பினால் யோகா நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா. உனக்கும் வருதாம்மா?"

"விக்கலுடி."

அவள் என்னை விடவில்லை. இரண்டாவது சுற்று ஒன்று இருக்கிறதாம், அதுதான் கடைசியாம், ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை முன்பகலில் மெசேஜ் வருமாம். "நீ கடைக்குள்ள வந்து என் காதுல மெதுவாச் சொன்னாப் போதும்மா. யாருக்கும் தெரியாது." நான் விக்கல் என்றே சொன்னேன். அன்றைக்குச் சோறு தின்றுகொண்டே என் வீட்டுக்காரர், கோபமே இல்லாமல், குழம்பு கேட்கிற குரலில் சொன்னார்: "இந்த வீட்டுல இன்னொருத்திக்கு அப்பிடி வந்துச்சுன்னா, தம்பி மாதிரி கூடப் போயி இருக்க மாட்டேன். அந்த மலைக்காட்டுல நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்." சுவருக்கு அந்தப்பக்கம் முனீசு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். அவள் மூச்சு கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமைதான் டவுன் மாரியம்மனுக்குப் பால்குடம். நான் முன்வாரமே போய்க் காப்புக் கட்டினேன். வாய்ப்பூட்டு போட்டுக்கொள்கிறேன் என்று பூசாரியிடம் சொன்னேன். என்ன வேண்டுதல் என்றார். குடும்ப நலம் என்றேன். வெள்ளிக்கிழமை காலை ஊருணிக்கரையில் திருநீற்றை அப்பி, வெள்ளி அலகை இரண்டு உதட்டுக்கும் குறுக்கே குத்திப் பூட்டினார். வலித்தது என்று சொல்ல முடியாது, வாய் மூடியிருக்கிறது என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. என் வீட்டுக்காரர் பெருமையோடு தண்ணீர் தெளித்துக்கொண்டே முன்னால் நடந்தார். "உடையப்பன் பொண்டாட்டியப் பாரு, பொம்பளைன்னா இப்பிடி இருக்கணும்" என்று ரோட்டோரத்தில் யாரோ சொன்னார்கள்.

ஊர்வலம் கடைவீதிக்குள் திரும்பியபோது கம்ப்யூட்டர் கடை வாசலில் யோகா நின்றாள். என்னைப் பார்த்தாள். என் உதட்டைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் வந்தது. அன்புள்ள யோகலட்சுமி என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை ஏறி, பூட்டின உதட்டில் வந்து முட்டி நின்றது. தாடை நடுங்கியதை அவள் கண்டுகொண்டாள். கூட்டத்துக்குள் புகுந்து என் பக்கத்தில் ஓடிவந்தாள்.

"வந்துருச்சாம்மா? வந்துருச்சுல்ல? வாயத் திறக்க வேணாம்மா. விரல்ல காட்டு. ஒவ்வொண்ணா விரல்ல காட்டும்மா, நான் பாத்துக்கிறேன். அம்மா. கையைக் கீழ விடும்மா."

எண்கள் ஒவ்வொன்றும் தெளிவாக என் பல்லுக்குப் பின்னால் இருந்தன. முன்னால் போன என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் தலைமேல் இருந்த குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பறைச்சத்தம் போன திசையிலேயே நடந்தேன்.